ஒன்றரை மணி நேரம் போதுமா, ஐந்து மணி நேரம் வேண்டுமா?

கேள்வி: வரும் ஞாயிறு அதிகாலை 2.10-க்கு எனக்கும் 71 வயதான என் அம்மாவுக்கும் வெளிநாட்டு விமானம். இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டிருக்கிறோம். வெப் செக்-இன் செய்துவிட்டால் ஒன்றரை மணி நேரம் முன்னால் போனால் போதும் என்கிறார் ஏஜென்ட். ஐந்து மணி நேரம் முன்னாலேயே போய்விடு என்கிறார் அண்ணன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். சனிக்கிழமை இரவு 11 மணிக்கு விமான நிலையத்துக்குள் இருங்கள். சனிக்கிழமை இரவு என்பதைத் திரும்பவும் சொல்கிறேன். டிக்கெட்டில் ஞாயிறு என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, ஞாயிறு இரவு பெட்டி படுக்கையோடு வந்து நின்ற குடும்பங்களை செக்-இன் கவுன்ட்டரில் வேலை பார்த்த காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். "உங்கள் விமானம் இன்று அதிகாலையே போய்விட்டது" என்று அவர்களிடம் சொல்வதுதான் அந்த வேலையிலேயே கொடுமையான பகுதி.

டிக்கெட்டில் இருக்கும் 2.10 விமானத்துக்கான நேரம். உங்களுக்கான நேரம் கவுன்ட்டர் மூடும் நேரம். வெளிநாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். அப்படியென்றால் 1.10. இந்த நேரத்தைத்தான் டிக்கெட்டில் பெரிய எழுத்தில் போட வேண்டும். ஆனால் இரண்டாம் பக்கத்தில், நிபந்தனைகளுக்கு நடுவில், பொடி எழுத்தில் போடுகிறார்கள். எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தாயிற்று, மாற்றவே மாட்டேன் என்கிறார்கள்.

ஏஜென்ட் சொன்னபடி 12.40-க்குப் போனால் கையில் அரை மணி நேரம்தான் இருக்கும். உங்களுக்கு முன்னால் நிற்கும் ஒரு குடும்பத்தின் பெட்டி எடை கூடி, அங்கேயே திறந்து சேலையையும் செருப்பையும் வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தால் பத்து நிமிடம் போய்விடும். 1.11-க்கு நீங்கள் கெஞ்சினாலும் கவுன்ட்டரில் இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குப் பிறகு உங்கள் பெட்டி சோதனைக்குப் போய், விமானத்தில் ஏறி, மொத்த எடைக் கணக்கில் சேர வேண்டும்.

வெப் செக்-இன் செய்வது நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் பெட்டியை நேரில்தான் கொடுக்க வேண்டும், பாஸ்போர்ட்டையும் விசாவையும் நேரில்தான் காட்ட வேண்டும். இமிக்ரேஷன், பாதுகாப்புச் சோதனை இரண்டு வரிசைகளும் உங்களுக்காகச் சுருங்கப் போவதில்லை. நள்ளிரவை ஒட்டி வெளிநாட்டு விமானங்கள் வரிசையாகப் புறப்படும் நிலையங்களில் நெரிசலே அந்த நேரத்தில்தான். விமான நிலையத்தின் இணையதளத்தில் புறப்பாட்டுப் பட்டியல் இருக்கும். உங்கள் விமானத்தை ஒட்டிய இரண்டு மணி நேரத்தில் எத்தனை விமானங்கள் என்று எண்ணிப் பாருங்கள். பட்டியல் நீளமாக இருந்தால் 10.30-க்கே போய்விடுங்கள்.

அண்ணன் சொல்வதுபோல 9 மணிக்கே போனால், பெரும்பாலும் கவுன்ட்டரே திறந்திருக்காது. பொதுவாக மூன்று மணி நேரம் முன்புதான் திறப்பார்கள். அதுவரை அம்மாவை வைத்துக்கொண்டு பெட்டிக்குக் காவல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சக்கர நாற்காலி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாற்காலி வாசலில் தயாராக நிற்கும் என்று நினைக்காதீர்கள். தள்ளிக்கொண்டு வரும் ஊழியர் ஒருவரை விமானம் ஏறும் கேட்வரை விட்டுவிட்டு அடுத்தவருக்குத் திரும்பி வர வேண்டும். இரவில் அரை மணி நேரம்கூடக் காத்திருக்க நேரும். அதோடு, நாற்காலியில் வருபவர்களைத்தான் வழக்கமாக முதலில் விமானத்தில் ஏற்றுவார்கள். அதனால் மற்றவர்களுக்குக் கேட் மூடும் நேரம் முக்கியம் என்றால், உங்களுக்குப் போர்டிங் தொடங்கும் நேரம் முக்கியம். அது ஏறக்குறைய 1.25. அதற்குப் பத்து நிமிடம் முன்பே கேட்டில் இருக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் வரிசையில் நிற்பதற்கு முன்னால், விமான நிறுவன ஊழியரிடம் போய் நாற்காலி கேட்டிருப்பதைச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் இது இலவசம். வாசலில் சீருடை மாதிரி ஏதோ போட்டுக்கொண்டு, "நாற்காலியோடு வரிசையையும் தாண்டி விடுகிறேன்" என்று பணம் கேட்பவர் பக்கம் திரும்பவே திரும்பாதீர்கள், பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள்.

இப்போது உங்கள் ஏஜென்ட். அவர் சொன்ன ஒன்றரை மணி நேரத்தைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. டிக்கெட் போடும்போது யாருடைய கைப்பேசி எண்ணைக் கொடுத்தார்? பல ஏஜென்ட்டுகள் தங்கள் எண்ணையும் தங்கள் மின்னஞ்சலையும்தான் கொடுக்கிறார்கள். விமான நேரம் மாறினால் தகவல் அவருக்குப் போகும். அவர் பார்த்தால் உண்டு, பார்த்துச் சொன்னால் உண்டு. புறப்படும் நேரம் 40 நிமிடம் முன்னதாக மாற்றப்பட்ட ஒரு விமானத்துக்குப் பழைய நேரக் கணக்கில் வந்து, அடைத்த கவுன்ட்டர் முன்னால் அழுத ஒரு அம்மாவை இன்றும் மறக்க முடியவில்லை. அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. பயணியின் எண் இல்லாமல் டிக்கெட்டே போட முடியாது என்று ஒரு விதி வைத்தால் போதும். ஏன் வைக்கவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

ஆகவே இன்றைக்கே பி.என்.ஆர். எண்ணை வாங்கி, விமான நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். நேரம் அதே 2.10-தானா, சக்கர நாற்காலி பதிவாகியிருக்கிறதா, தொடர்பு எண் உங்களுடையதா என்று மூன்றையும் பாருங்கள். நாற்காலிக்கு 48 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கின்றன. "நான் சொல்லிவிட்டேன்" என்று ஏஜென்ட் சொல்வதை நம்பாமல் நீங்களே ஒருமுறை நிறுவனத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். சனிக்கிழமை மாலை, வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் நேரத்தை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள்.