காது எட்டியதா?

கேள்வி: உடல் எடையில் மூளையின் பங்கு மனிதனுக்குத்தான் அதிகம், அதனால்தான் மற்ற விலங்குகளைவிட அவன் அறிவாளி என்று படித்திருக்கிறேன். என் ஒன்றரை வயது மகனுக்கு உடம்புக்குத் தலை பெரிது. ‘பெரிய மூளைக்காரன்’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். உண்மையா?

பதில்: இல்லை. சொந்தக்காரர்கள் ஆசையில் சொல்கிறார்கள், விடுங்கள். நீங்கள் படித்ததுதான் தவறு. அந்தக் கணக்குப்படி, பிறந்த அன்றே உங்கள் மகன் உங்களைவிட ஐந்து மடங்கு அறிவாளி! பிறந்த குழந்தை மூன்று கிலோ என்றால் மூளை மட்டும் 350 கிராமுக்குக் குறையாது, பத்து சதவீதத்தைத் தாண்டிவிடும். எழுபது கிலோ ஆளுக்கு 1,400 கிராம் என்று தாராளமாக வைத்தாலும் இரண்டு சதவீதம்தான் வரும். சுண்டெலிக்கும் ஏறக்குறைய அதே இரண்டு சதவீதம். ஐந்து டன் யானைக்கு மூளை ஐந்து கிலோ, வெறும் 0.1 சதவீதம்; அதை வைத்து யானையை மந்தம் என்று சொல்லிவிட முடியுமா?

பாலூட்டிகளில் மூளை முந்திக்கொண்டு வளரும், உடம்பு பின்னால் வந்து சேரும். அதனால் வளர வளர இந்த விகிதம் இறங்கிக்கொண்டே போகும். எந்த வயதில் அளந்தது என்று சொல்லாமல் விகிதம் பேசுவதில் பொருளே இல்லை.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்பா கூட்டிப்போனபோது, தலைமை ஆசிரியர் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். எட்டவில்லை. விரல் உச்சி தாண்டிக் கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது, அடுத்த வருஷம் வா என்று அனுப்பிவிட்டார். அவர் பார்த்தது இதைத்தான். ஐந்தாறு வயதுக்குள் மூளை பெரியவர்களுடையதில் 90 சதவீதத்தை எட்டிவிடும், தலை அதற்குமேல் அதிகம் பெருக்காது, கைதான் நீண்டு வந்து காதைப் பிடிக்க வேண்டும்.

மனிதனிடம் தனியாக ஒன்று உண்டு, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சிம்பன்சிக் குட்டி பிறக்கும்போதே வளர்ந்த மூளையில் 40 சதவீதம் அளவோடு வருகிறது, நம் குழந்தைக்கு 30 சதவீதம்கூட இருக்காது. வயிற்றுக்குள் ஓடிய அதே வேகத்தில் வெளியே வந்தும் ஏறக்குறைய ஒரு வருஷம் மூளை வளர்கிறது; பாட்டிகள் எண்ணெய் வைக்கும் உச்சிக்குழி மெத்தென்று திறந்து கிடப்பதும் அதற்கு இடம் கொடுக்கத்தான்.

இதற்கெல்லாம் தீனி வேண்டுமே. அமெரிக்க மானிடவியல் ஆய்வாளர் கிறிஸ்டபர் குசாவாவும் அவருடைய குழுவினரும் 2014-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள்: சுமார் ஐந்து வயதில், சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது, உடல் வளர்ச்சி மிக மெதுவாகப் போவதும் அந்த வயதை ஒட்டித்தான். பிள்ளை பூசினாற்போல் இல்லையே என்று அந்த வயதில் கவலைப்படுகிற வீடுகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகச் சோற்றில் குறை வைத்துவிடாதீர்கள், அப்போது சாப்பிடுவது வீண் போவதில்லை.

உங்கள் மகனுக்கு வருவோம். தலை பெரிதா சிறிதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது தலைச் சுற்றளவை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள், பழைய அளவுகளோடு சேர்த்து வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். கோடு சீராகப் போனால் சரி. திடீரென்று மேலே ஏறினாலும், ஏறாமல் நின்றுபோனாலும், அன்றைக்கே மருத்துவரிடம் கேளுங்கள்.