ஆறு வாரக் குழந்தையின் மூச்சை எண்ணுவது

15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒருதடவை 72, இன்னொரு தடவை 48 வருகிறது என்று கேட்டிருந்தீர்கள், சகோதரி. பெருக்கியதுதான் கோளாறு. கைக்குழந்தை சீராக மூச்சு விடாது. நாலைந்து விநாடி நிறுத்திவிட்டு அப்புறம் படபடவென்று இழுக்கும். அசந்து தூங்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு 60 விநாடி எண்ணுங்கள்.

மூச்சை எண்ணச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் பெரிய ஓட்டை இருந்தால் இந்த வயதில்தான் மூச்சு வாங்கத் தொடங்கும். நுரையீரல் ரத்தக்குழாய்கள் தளர்வதால் அந்தப் பக்கம் ரத்தம் கூடுதலாகப் பாயும். வார்டில் நான் எண்ணுவதற்கு முன்பே, பால் குடிக்கிற பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிடுவேன். குடித்துக் குடித்து நிறுத்தி, நெற்றி வியர்த்திருந்தாலோ, தூக்கத்திலும் மூச்சு நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். நாக்கு நீலமானால் நேராக அவசரப் பிரிவுக்கு.