முடி பிய்க்கிற பொண்ணுக்கு மொட்டை போடலாமா?

அக்கா, எட்டாவது படிக்கிற பொண்ணு கணக்கு போடும்போது உச்சந்தலை முடிய பிய்ச்சு பிய்ச்சு ரூபா சைஸ்ல சொட்டை விழுந்துருச்சு, திட்டியும் நிக்கல, மொட்டை போட்டுடலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு போடாதீங்க, முடி வளந்ததும் கை திரும்ப அங்கயேதான் போகும், ஸ்கூல்ல அவ படற அவமானம்தான் மிச்சம். இது திமிரு இல்ல, ட்ரைக்கோட்டில்லோமேனியான்னு பேரு, 2013-ல வந்த டிஎஸ்எம்-5ங்கிற அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுப் புத்தகம் இத ஓசிடி, அதாவது வேணாம்னாலும் ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வர்ற கோளாறு, அந்த வகையறாவுலதான் வச்சிருக்கு, பல நேரம் கை போறதே அவளுக்குத் தெரியாது.

ஹேபிட் ரிவர்சல்னு ஒரு ட்ரெயினிங் இருக்கு, 1973-லயே அஸ்ரின், நன்னுன்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினது, கை எப்ப எங்க போகுதுன்னு மொதல்ல கவனிக்கப் பழக்குவாங்க, பிய்க்கணும்னு தோணின உடனே விரல இறுக்கி மடக்கி ஒண்ணு ரெண்டு நிமிஷம் வச்சுக்கணும், அந்த வேகம் தணியும். வீட்ல கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனில பேண்டேஜ் ஒட்டிப் பாருங்க, முடி பிடிபடாது.

பிய்ச்ச முடிய வாயில வைக்கிறாளான்னு கண்டிப்பா பாருங்க, முழுங்கினா வயித்துல உருண்டையா சேந்து ஆபரேஷன் வரைக்கும் போகலாம், வயித்துவலி வாந்தி இருந்தா உடனே ஆஸ்பத்திரி. ஸ்கின் டாக்டரோட நிறுத்தாம மனநல டாக்டர்ட்டயும் காட்டுங்க, எங்க போறதுன்னு தெரியலன்னா 14416-க்கு போன் பண்ணுங்க, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.