தூங்கட்டும் விடு, காலையில சரியாயிடும்

அன்புள்ள அக்கா,

எனக்கு 20 வயது. வீடு பட்டர்வொர்த், படிப்பது பினாங்குத் தீவில். போன மாதம் எங்கள் வகுப்புப் பையன் ஒருவனுக்கு 21ஆவது பிறந்தநாள். மண்டபம் எடுத்து, சாவி வைத்த கேக் வெட்டி, சொந்தபந்தம் எல்லாம் வந்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். மறுநாள் நண்பர்கள் மட்டும் பன்னிரண்டு பேர் சேர்ந்து பத்து பெரிங்கியில் ஓர் அப்பார்ட்மெண்ட் எடுத்தோம். ராத்திரி ஒரு மணிக்குப் பிறந்தநாள்காரன் அப்படியே சரிந்துவிட்டான். 'ஃபிளாட் ஆயிட்டான்' என்று சிரித்து, மார்க்கரால் மீசை வரைந்து வீடியோ எடுத்தார்கள். ஒருவன் வாயில் எலுமிச்சைச் சாறு ஊற்றப் பார்த்தான். அப்புறம் உள்ளறையில் மல்லாக்கப் போட்டுவிட்டு, 'தூங்கட்டும் விடு, காலையில சரியாயிடும்' என்று போய்விட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு வாந்தி எடுத்தான். தலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்ஸுக்கு 999 அடிக்கலாம் என்றேன். 'அவங்கப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாரு, போலீஸ் வரும், பேசாம இரு' என்று தடுத்துவிட்டார்கள். காலையில் அவன் எழுந்து, 'நாசி கண்டார் சாப்பிடப் போலாமா?' என்கிறான்! இப்போது எல்லோரும் என்னைப் 'பாட்டி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அடுத்த மாதம் என் மாமா மகளுக்கு 21. அங்கேயும் இதே கூட்டம்தான். நான் அன்றைக்கு அளவுக்கு மீறிப் பயந்துவிட்டேனா? இன்னொன்று, நானும் இரண்டு கிளாஸ் குடித்தேன். அம்மாவுக்குத் தெரியாது. சொல்லவா, விடவா?

- பட்டர்வொர்த் வாசகி

தங்கச்சி,

அளவுக்கு மீறி நீ பயப்படவில்லை. கொஞ்சம் குறைவாகப் பயந்துவிட்டாய் என்றுதான் சொல்வேன். ஒரு மணிக்கு அவனை உலுக்கி எழுப்பிப் பார்த்து, எழவில்லை என்றால் அப்போதே போனை எடுத்திருக்க வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பன்னிரண்டு பேரில் பக்கத்தில் உட்கார்ந்தது நீ ஒருத்திதான்.

முப்பது வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், வேலை பார்த்தவள் நான். அதில் பாதிக்கு மேல் அவசரப் பிரிவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான்கு பையன்கள் காரின் பின்சீட்டிலிருந்து ஒருவனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். 'தூங்கிட்டுத்தான் இருந்தான் மிஸ்ஸி, குறட்டைகூட விட்டான்' என்று நால்வரும் மாற்றி மாற்றி அதையே சொன்னார்கள். நான் கையைத் தொட்டபோது சில்லென்று இருந்தது. குறட்டை எப்போது நின்றது என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த அறையில் படுத்திருந்தார்களாம்.

அந்தக் குறட்டையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். அளவுக்கு மேல் குடித்தவன் தூங்கவில்லை, நினைவிழந்து கிடக்கிறான். தூங்குகிறவனுக்குத் தொண்டையில் ஏதாவது போனால் இருமி விழித்துக்கொள்வான். நினைவில்லாதவனுக்கு அந்த இருமல் வராது. மல்லாக்கக் கிடந்தபடி வாந்தி வந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும், சத்தமே இருக்காது. நாக்கும் தளர்ந்து பின்னால் சரிந்து பாதி வழியை அடைக்கும். குறட்டை என்று உன் நண்பர்கள் சிரிப்பது சில சமயம் அந்த அடைப்பின் சத்தம்தான். மூன்று மணிக்கு நீ தலையைத் திருப்பினாயே, அவன் நாசி கண்டார் கேட்டது அதனால்தான். இதை அவனிடமே சொல். சொல்லிக்காட்டுகிறாள் என்று நினைத்தால் நினைக்கட்டும்.

'குடிப்பதை நிறுத்திவிட்டானே, இனி போதை இறங்கும்தானே' என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இறங்காது, முதலில் ஏறும். கணக்கைப் பார். 700 மில்லி விஸ்கி பாட்டில், 40 சதவீதம். அதில் சுத்தமான ஆல்கஹால் கிட்டத்தட்ட 220 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் 10 கிராமை ஓர் அளவாக வைக்கிறது. அப்படியானால் ஒரு பாட்டிலில் 22 அளவு. நான்கு பேர் பகிர்ந்தால் தலைக்கு ஐந்தரை. நம் கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய ஓர் அளவைத்தான் கரைக்கும். பன்னிரண்டரை மணிக்கு 'யாம் செங்' என்று கத்திக்கொண்டு விட்ட கடைசி மூன்று ஷாட்டும், அவன் சரிந்த ஒரு மணிக்கு இன்னும் முழுசாக ரத்தத்தில் கலந்திருக்காது. ஆள் கீழே விழுந்த பிறகும் அது ரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். கல்லீரல் கரைக்கும் வேகத்தைக் கூட்ட எலுமிச்சை, கோப்பி ஓ, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதனாலும் முடியாது. நினைவில்லாதவன் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குத்தான் போகும். மதுவால் உடம்பின் சூடு ஏற்கெனவே குறைந்திருக்கும்போது குளிர்ந்த தண்ணீரில் நிறுத்துவது இன்னும் மோசம். தலைவலிக்கும் என்று முன்கூட்டியே பனடோல் கொடுப்பவர்கள் உண்டு. கல்லீரல் தவித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அதன் தலையில் இன்னொரு சுமை எதற்கு?

எப்போது போனை எடுப்பது? தோளை உலுக்கு, பெயர் சொல்லிக் கத்து, காது மடலை நறுக்கென்று கிள்ளு. கண் திறந்து ஒரு வார்த்தை உளறினால்கூடப் பரவாயில்லை, பக்கத்தில் இருந்து கவனி. எதற்கும் அசையவில்லை என்றால் அது ஒன்றே போதும், 999. மூச்சையும் எண்ணு. நிமிடத்துக்கு எட்டுக்குக் கீழே போனாலும், இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து விநாடி இடைவெளி விழுந்தாலும் 999. வலிப்பு வந்தாலும், உடம்பு சில்லிட்டு ஈரமாக இருந்தாலும் அப்படியே. முகம் வெளுத்தால் தெரியும் என்று எழுதியிருப்பார்கள். நம் நிறத்துக்கு முகத்தில் என்ன தெரியப்போகிறது? உதட்டின் உள்பக்கத்தையும் ஈறையும் நகக்கண்ணையும் போன் விளக்கில் பார். நீலமோ சாம்பலோ தட்டியிருந்தால் யோசிக்காதே.

ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவை. மேலே இருக்கும் காலை முழங்காலில் மடக்கி முன்னால் ஊன்றிவிட்டால் ஆள் எந்தப் பக்கமும் உருள மாட்டான். மேலே இருக்கும் கையை மடக்கிக் கன்னத்துக்கு அடியில் கொடு. மோவாயைக் கொஞ்சம் தூக்கி, வாய் கீழ் நோக்கி இருக்கும்படி வை, வாந்தி வந்தாலும் வெளியே வழிந்துவிடும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, மேலே ஒரு போர்வை. அப்புறம் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும், பத்து நிமிடத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்ப்பதெல்லாம் கணக்கில் சேராது. மூச்சே நின்றுவிட்டால் போனில் இருப்பவர் சொல்லச் சொல்ல நெஞ்சை அழுத்த வேண்டியிருக்கும், அதனால் லைனைத் துண்டிக்காதே.

போனில் பதற்றத்தில் நாக்குக் குழறும். மலாயில் இதை மனப்பாடம் செய்துகொள்: 'கவான் சாயா மினும் ஆராக், தாக் செடார், தாக் போலே பாங்குன்.' (நண்பன் மது குடித்திருக்கிறான், நினைவில்லை, எழ முடியவில்லை.) பிறகு கட்டடத்தின் பெயர், பிளாக், மாடி. ஒருவரைக் கீழே அனுப்பிக் காவலுக்கு இருக்கும் ஜாகாவிடம் சொல்லி கேட்டைத் திறந்து வைக்கச் சொல். லிஃப்டையும் பிடித்து வைக்கச் சொல். பத்து பெரிங்கிக்குப் போகும் கடலோர வளைவுச் சாலை உனக்குத் தெரியும். வண்டி வர நேரமாகும், கேட்டில் வேறு ஐந்து நிமிடம் நிற்க வேண்டாம். வந்தவர்களிடம் என்ன குடித்தான், எவ்வளவு, கூட ஏதாவது மாத்திரை உண்டா என்று மறைக்காமல் சொல்லுங்கள். அவசரப் பிரிவில் நாங்கள் அதைக் கேட்பது மருந்து கொடுக்க, அப்பாவிடம் போட்டுக்கொடுக்க அல்ல.

'போலீஸ் வரும்' என்றார்களா? 2017 டிசம்பர் 1 முதல் நம் மலேசியாவில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது உண்மை. அதற்கு முன் 18. அந்த விதி விற்கிறவரைக் கட்டுவது. மூச்சுத் திணறுகிற பிள்ளையின் பக்கத்தில் நின்று வயதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ்காரரை நான் பார்த்ததில்லை. காசு பற்றிப் பயமென்றால், குடிமக்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் பதிவுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்). நீங்கள் எடுத்த அப்பார்ட்மெண்ட்டின் வாடகையை நான் கேட்கவில்லை.

அப்பா விஷயம்தான் கஷ்டம். நம் வீடுகளில் அப்பாக்கள் பலர் தாங்களே வெள்ளிக்கிழமை ராத்திரி பியரோடு உட்காருவார்கள். மகன் தொட்டால் மட்டும் வானம் இடிந்துவிடும். இதைப் படிக்கும் பெற்றோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பிள்ளையிடம் இன்றைக்கே ஒரு வாக்குக் கொடுங்கள்: எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வருவேன், அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன், மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பேசுவேன். அந்த நால்வரும் காலை ஏழு மணிவரை காத்திருந்தது போதை தெளியட்டும் என்று அல்ல. யார் வீட்டுக்கு முதலில் போன் போடுவது என்று முடிவு செய்ய முடியாமல்தான்.

இனி மாமா மகள் விருந்துக்கு வருவோம். குடிக்காமல் இருப்பது நல்லது என்பதுதான் என் எண்ணம். உனக்கு 20 என்பதால் சட்டத்தின் எண்ணமும் அதுவே. அதற்கு மேல் இந்தப் பக்கத்தில் உபதேசத்துக்கு இடம் இல்லை. சாப்பாட்டை முதலில் போடச் சொல், கேக் வெட்டிய பிறகு அல்ல. வெறும் வயிற்றில் மது சட்டென்று ஏறும். பேப்பர் கப்பில் கண்ணளவாக ஊற்றுவது 'ஒரு பெக்' இல்லை, பாரில் கொடுக்கும் 30 மில்லியைப் போல இரண்டு மூன்று பங்கு இருக்கும். எனர்ஜி டிரிங்கில் கலந்தால் மப்பு தெரியாது, ஆனால் மப்பு இருக்கும். பையன்களோடு கிளாசுக்குக் கிளாஸ் போட்டி போடாதே. பெண்ணுடம்பில் நீர்ச்சத்து குறைவு, அதே கிளாஸ் நமக்கு அதிகமாக ஏறும். கிளாசை வைத்துவிட்டு ஆடப் போனால் திரும்பி வந்து அதைக் கொட்டிவிடு. நினைவில்லாத பெண்பிள்ளையை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துவது எந்த விருந்திலும் கூடாது. நீயும் இன்னொருத்தியும் உள்ளே இருங்கள், கதவு திறந்தே இருக்கட்டும்.

பாட்டில் எங்கிருந்து வந்தது என்றும் கேள். நான் நிபோங் திபால் பக்கத் தோட்டத்தில் பிறந்தவள், சம்சு என்ற மலிவுச் சாராயத்தின் பெயருக்கே எங்கள் லயத்தில் பெண்கள் நடுங்குவார்கள். அது பழைய கதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் போலி மதுவில் இருந்த மெத்தனால் முப்பது பேருக்கும் மேல் கொன்றது. உடம்புக்குள் போய் அது ஃபார்மிக் அமிலமாக மாறும், எறும்பில் இருக்கிற அதே அமிலம், கண் நரம்பைத் தின்னும். அதன் வஞ்சகம் என்னவென்றால், குடித்து அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் காட்டும். மறுநாள் சாயங்காலம் ஒருவன் 'பார்வை புகை மாதிரி இருக்கு' என்று சொன்னால் அது ஹேங்ஓவர் இல்லை, நேராக ஆஸ்பத்திரி. வரி முத்திரை இல்லாத மலிவு பாட்டிலை 'ஆள் தெரிஞ்ச ஆள்தான்' என்று எவன் கொண்டுவந்தாலும் திறக்கவிடாதே.

சாவிகள். கப்சாய் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் சாவியைக் குடிக்காத ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும், காலையிலும் கேட்காமல் கிடைக்கக் கூடாது. 2020 அக்டோபர் முதல் எல்லை 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம், முன்பு 80. தாண்டினால் முதல் தடவையே 10,000 முதல் 30,000 வெள்ளி அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. இரண்டு மணிவரை பத்து அளவு குடித்தவனுக்கு ஏழு மணிக்குப் பினாங்குப் பாலம் ஏறும்போதும் அது முழுசாக இறங்கியிருக்காது, குளித்திருந்தாலும் ரொட்டி சானாய் சாப்பிட்டிருந்தாலும்.

அம்மாவிடம் சொல். இரண்டு கிளாசை மட்டும் தனியாக ஒப்பிக்காதே, அந்த ராத்திரி முழுவதையும் சொல், மீசை வரைந்தது முதல். அவர் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருக்கும்போது தொடங்கு, கையில் கரண்டி இருந்தால் பாதிக் கோபம் கடுகோடு வெடித்துவிடும். அடுத்த மாத விருந்தில் போன் வந்தால் யார் வண்டி எடுத்துக்கொண்டு வருவது, அவரா மாமாவா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடு.