அமைதியாக இருக்கும் மகளுக்கும் ஏ.டி.எச்.டி. இருக்குமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளை ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் குறைபாடு) மதிப்பீட்டுக்கு அழைத்துச் செல்லும்படி வகுப்பாசிரியை கூறினார். அவள் துள்ளிக் குதிப்பவள் அல்ல, யாரிடமும் வம்புக்குப் போகாதவள். ஆனால் விடை தெரிந்த கணக்கைக்கூடப் பாதியில் விட்டுவிடுகிறாள். ஜாமெட்ரி பாக்ஸை இந்த ஆண்டில் மட்டும் நான்கு முறை தொலைத்துவிட்டாள். மூளையை ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். மருத்துவரிடம் போனால் மாத்திரைக்கு அடிமையாக்கிவிடுவார்கள் என்று என் கணவர் தயங்குகிறார். நாங்கள் எங்கே போவது? அங்கே என்ன செய்வார்கள்?
– பெயர் வெளியிட விரும்பாத தாய், கரூர்

பதில்: அன்புள்ள சகோதரி, ஆசிரியை சொன்னதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள், அதுவே உங்கள் மகளுக்குப் பெரிய உதவி. மேசை மேல் ஏறுகிற பையனை எல்லோரும் கவனித்துவிடுகிறார்கள். ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பெண் யாருக்கும் தொல்லை தருவதில்லை என்பதாலேயே அவளுடைய சிரமம் பல ஆண்டுகள் கவனிக்கப்படாமல் போய்விடுகிறது. மிகையான துறுதுறுப்பு இல்லாமல் கவனக்குறைவு மட்டுமே மேலோங்கி நிற்கும் வகையும் ஏ.டி.எச்.டி.யில் உண்டு, பெண் குழந்தைகளிடம் அதிகம் தவறவிடப்படுவது அந்த வகைதான்.

ஸ்கேன், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி., இரத்தப் பரிசோதனை ஆகியவற்றில் எதைக் கொண்டும் ஏ.டி.எச்.டி.யை உறுதிப்படுத்த முடியாது. வலிப்பு போன்ற வேறு நோய் இருக்குமோ என்று மருத்துவர் சந்தேகித்தால் மட்டுமே அவை தேவைப்படும். ஆகவே, 'மூளையைப் படம் பிடித்துக் கண்டுபிடித்துத் தருகிறோம்' என்று எவரேனும் பணம் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

மதிப்பீடு என்பது பெரும்பகுதி கேட்டறிவதுதான். கர்ப்பகாலம் தொடங்கி இன்றுவரை அவள் வளர்ந்த கதையை மருத்துவர் உங்களிடம் கேட்பார். அவளிடம் தனியாகவும் பேசுவார், பேச வேண்டும். கானர்ஸ் போன்ற வினாப்படிவங்களைப் பெற்றோரும் ஆசிரியரும் தனித்தனியே நிரப்ப வேண்டியிருக்கும். 2013-இல் வெளியான டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேடு வகுத்த அளவுகோலின்படி, 16 வயது வரையுள்ளவர்களிடம் கவனக்குறைவுக்கான ஒன்பது அறிகுறிகளில் ஆறேனும் ஆறு மாதங்களுக்கு மேலாகத் தென்பட வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும். அன்றாட வாழ்க்கையும் படிப்பும் அவற்றால் உண்மையாகவே பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். பள்ளியில் மட்டும் சிக்கல், வீட்டில் எதுவுமில்லை என்றால், அந்தப் பள்ளியில் என்ன நடக்கிறது என்று முதலில் விசாரிக்க வேண்டியிருக்கும்.

அந்த 12 வயது நிபந்தனைக்காகத்தான் ஒன்றைக் குறிப்பாகச் சொல்கிறேன். வீட்டுப் பீரோவில் இருக்கும் பழைய ரேங்க் கார்டுகளைத் தேடி எடுங்கள். 'கவனச் சிதறல் உள்ளது', 'நன்றாகப் படிக்கக்கூடியவள், முயற்சி போதாது' என்று இரண்டாம், மூன்றாம் வகுப்புகளில் ஆசிரியர்கள் எழுதிவைத்த ஒற்றை வரிகள் மருத்துவருக்கு மிகவும் பயன்படும், ஏனெனில் பெற்றோரின் நினைவு எவ்வளவு அன்பானதாக இருந்தாலும் ஆண்டுகளைக் குழப்பிவிடும். பாதியில் நின்ற கணக்கு நோட்டையும் கொண்டு செல்லுங்கள். வகுப்பாசிரியையிடம் தாம் கண்டதை அரைப்பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள், மறுக்க மாட்டார்.

கவனம் சிதறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. கண்பார்வை, காது, இரத்தசோகை, தைராய்டு, இரவுத் தூக்கம் ஆகியவற்றை முதலில் சரிபார்த்துக்கொள்வது நல்லது. பதின்வயதில் பதற்றமும் மனச்சோர்வும் கவனக்குறைவைப் போலவே தோற்றமளிக்கும். சில நொடிகள் வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் உணராமல் நின்றுவிடுகிறாள் என்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாம். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு தனியாகவோ ஏ.டி.எச்.டி.யுடன் சேர்ந்தோ இருக்கக்கூடும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெற்றிருப்பதால், உரிய சான்றிதழ் பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு வழியுண்டு.

எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதன் மனநலப் பிரிவில் தொடங்குங்கள். 18 வயது வரையுள்ள குழந்தைகளுக்காகவே நடத்தப்படும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தைப் பற்றியும் விசாரியுங்கள். மேல் ஆலோசனை தேவைப்பட்டால் வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகிய இடங்களில் குழந்தைகள் மனநலத்துக்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. புறப்படும் முன் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனைச் சேவை) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். மதிப்பீட்டுக்குப் போவதும் மாத்திரைக்குச் சம்மதிப்பதும் ஒன்றல்ல. ஏ.டி.எச்.டி. என்றே உறுதியானாலும், மருந்து வேண்டுமா என்பதை நீங்களும் மகளும் மருத்துவரும் சேர்ந்துதான் முடிவு செய்வீர்கள். ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் மெத்தில்பெனிடேட் என்ற மருந்து பசியையும் தூக்கத்தையும் குறைக்கக்கூடும் என்பதால் எடை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தொடர்ந்து பார்ப்பார்கள். மருத்துவர் மேற்பார்வையில் அதை எடுத்துக்கொண்ட குழந்தைகள், அந்தக் காரணத்தால் பிற்காலத்தில் போதைப் பழக்கத்துக்கு ஆளாவது கூடுவதில்லை என்றே நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. அவருடைய அச்சம் மகள் மீதுள்ள பாசத்தில் பிறந்தது. அதை மருத்துவரிடம் அவரே நேரில் கேட்கட்டும், அதனால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: மூன்றரை வயதுப் பேரன் ஓரிடத்தில் உட்காருவதே இல்லை. ஏ.டி.எச்.டி.யாக இருக்குமோ?
– ஒரு தாத்தா, திருநெல்வேலி

பதில்: ஐயா, இந்த வயதில் உட்காராமல் இருப்பதை மட்டும் வைத்து யாரும் அப்படிச் சொல்லிவிட முடியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலே 4 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதல் சிகிச்சை பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியே தவிர மருந்து அல்ல. ஆனால் பெயர் சொல்லி அழைத்தால் பேரன் திரும்பிப் பார்க்கிறானா, சிறு வாக்கியங்களாகப் பேசுகிறானா, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுகிறானா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்றேனும் இல்லையென்றால் பள்ளியில் சேர்க்கும் வரை காத்திராமல், இந்த மாதமே குழந்தை மருத்துவரிடம் காட்டி, செவித்திறனையும் பரிசோதித்துவிடுங்கள்.