டர்போ வேண்டும் என்று கெர்னலைப் பிரிக்காதீர்கள்

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். செகண்ட் ஹேண்டில் ஒரு லேப்டாப் வாங்கினேன். இன்டெல் கோர் ஐ7 6820ஹெச்க்யூ ப்ராசஸர், உபுண்டு லினக்ஸ். பில்லில் 3.6 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறது. ஆனால் கணினி காட்டும் அதிகபட்ச வேகம் 2701 மெகாஹெர்ட்ஸ்தான். சில நாள் 800-லேயே நின்றுவிடுகிறது. சர்வீஸ் கடையில் காட்டினால், “கெர்னலில் டர்போவை எடுத்துவிட்டிருக்கிறார்கள், புதிதாகக் கம்பைல் செய்ய வேண்டும்” என்று 3,500 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? என் நண்பரிடம் ரைசன் லேப்டாப் இருக்கிறது. அவரும் இதே மாற்றத்தைச் செய்துகொள்ளலாமா?

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள். டர்போ என்பது வேலை கூடும்போது ப்ராசஸர் தன் அடிப்படை வேகத்துக்கு மேலே ஏறும் வசதி. உபுண்டு தரும் கெர்னலில், அதாவது லினக்ஸின் மையப் பகுதியில், அதற்கு வேண்டிய எல்லாமே ஏற்கெனவே இருக்கிறது. அது தானாகவே இயங்கும் நிலையில்தான் வருகிறது. யாரும் எடுத்துவிடவில்லை. டர்போவை இயக்கவும் நிறுத்தவும் ஒரே ஒரு கோப்பில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும், அரை நிமிட வேலை. இதற்காகக் கெர்னலைக் கம்பைல் செய்ய வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

முதலில் அந்த 2701. உங்கள் ப்ராசஸரின் அடிப்படை வேகம் 2.7 கிகாஹெர்ட்ஸ், அதாவது 2700 மெகாஹெர்ட்ஸ். அப்படியிருக்க 2701 எங்கிருந்து வந்தது? அந்தக் கடைசி ஒன்றுதான் டர்போ. ப்ராசஸரின் வேகத்தை நிர்வகிக்கும் ஏசிபிஐ சிபியுஃப்ரீக் என்ற பழைய டிரைவருக்கு டர்போவின் உண்மையான வேகம் தெரியாது. ‘அடிப்படைக்கு மேலே ஒரு படி இருக்கிறது’ என்று மட்டும் பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) அதனிடம் சொல்கிறது. அந்தப் படிக்கு அடையாளமாக ஒரு மெகாஹெர்ட்ஸைக் கூட்டி எழுதிவைக்கிறார்கள். அந்தப் படியைக் கேட்டால் ப்ராசஸர் தன் விருப்பப்படி 3.6 வரை ஏறும். ஆக, நீங்கள் பார்த்தது டர்போ இல்லை என்பதற்கான சான்று அல்ல, இருக்கிறது என்பதற்கான சான்று! இதை ஒரு சாதாரண ஆள் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று யாராவது யோசித்திருப்பார்களா? மாட்டார்கள். எழுதியவருக்கும் பக்கத்து மேசைக்காரருக்கும் புரிந்தால் போதும் என்று விட்டுவிடுவது இந்தத் துறையின் பழைய வியாதி.

ஆனால் எனக்கு இன்னொரு சந்தேகம். 2015-இல் வந்த உங்கள் ப்ராசஸருக்கு லினக்ஸ் வழக்கமாகப் போடுவது இன்டெல் பிஸ்டேட் என்ற டிரைவர். அது இருந்திருந்தால் உங்களுக்கு 3600 என்று நேராகவே காட்டியிருக்கும். பழைய டிரைவர் ஓடுகிறது என்றால், உங்களுக்கு முன்னால் அந்த லேப்டாப்பை வைத்திருந்தவரோ விற்றவரோ எங்கேயோ படித்த ஒரு வரியை, லினக்ஸை எழுப்பும் க்ரப்பின் கோப்பில் ஒட்டியிருக்க வேண்டும். டெர்மினலைத் திறந்து, ப்ராக் அடைவுக்குள் இருக்கும் சிஎம்டிலைன் என்ற கோப்பைப் படித்துப் பாருங்கள். கணினி எந்தெந்தக் கட்டளையோடு எழுந்தது என்பது அதில் ஒரே வரியில் இருக்கும். ‘இன்டெல் பிஸ்டேட் = டிசேபிள்’ என்று கண்ணில் பட்டால் குற்றவாளி அதுதான். எட்சி அடைவுக்குள் டிஃபால்ட், அதற்குள் க்ரப் என்ற கோப்பு. அதைத் திறந்து அந்தச் சொல்லை மட்டும் நீக்குங்கள், சேமியுங்கள், அப்டேட் க்ரப் கட்டளையை ஓட்டிவிட்டு மறுபடி இயக்குங்கள். முடிந்தது.

அதே வரியில் வேறு சரக்கும் இருக்கலாம். ‘மிட்டிகேஷன்ஸ் = ஆஃப்’ என்று இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். 2018-இல் வெளியான ஸ்பெக்டர், மெல்ட்டவுன் ஓட்டைகளுக்கும் பிறகு வந்தவற்றுக்கும் கெர்னல் போட்ட அடைப்புகளைக் கழற்றிவைக்கும் கட்டளை அது. ‘மேக்ஸ் சிஸ்டேட் = 1’ என்று இருந்தால் அதுவும் வேண்டாம். வேலையில்லாத கோர்களை ஆழமாகத் தூங்கவிடாமல் செய்யும் அந்த வரியால் உங்கள் டர்போ குறையத்தான் செய்யும். நான்கு கோரில் மூன்று உறங்கினால்தான் நான்காவது 3.6-ஐத் தொட முடியும். எல்லாவற்றையும் விழித்திருக்க வைத்துவிட்டு வேகமும் வேண்டும் என்றால் எப்படி? ‘லினக்ஸை வேகமாக்கும் 10 ரகசியங்கள்’ வகை வீடியோக்கள் இவை மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் பரிந்துரைக்கின்றன. பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், டெர்மினலில் ஒட்டாதீர்கள்.

சரி, டிரைவர் மாறியதும் சிஸ், டிவைசஸ், சிஸ்டம், சிபியு என்று அடைவுக்குள் அடைவாகப் போனால் இன்டெல் பிஸ்டேட் என்று ஓர் அடைவு இருக்கும். அதற்குள் ‘நோ டர்போ’ என்று ஒரு கோப்பு. பெயரைக் கவனியுங்கள்: ‘டர்போ வேண்டாம்’. ஆகவே அதில் 0 இருந்தால் டர்போ ஓடுகிறது, 1 இருந்தால் நின்றிருக்கிறது. உங்களுக்கு 0 வேண்டும். எழுதும்போது பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எக்கோ கட்டளைக்கு முன்னால், நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவைப் போட்டு, அம்புக்குறியால் கோப்புக்குள் தள்ளப் பார்ப்பார்கள். ‘அனுமதி இல்லை’ என்று வரும். எக்கோவுக்குத்தான் நிர்வாகி அதிகாரம் கிடைத்தது, கோப்பைத் திறக்கும் ஷெல்லுக்குக் கிடைக்கவில்லை. எக்கோவைச் சும்மா எழுதி, குழாய்க்குறி போட்டு, அந்தப் பக்கம் சூடோவோடு டீ கட்டளையையும் கோப்பின் முழுப் பாதையையும் கொடுங்கள். எழுதிவிடும்.

அப்படிச் செய்தும் எழுத மறுத்தால் பயாஸில் டர்போவை நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பயாஸுக்குள் போய் இயக்க வேண்டும், கெர்னலால் அதை மீற முடியாது. அந்த ஒரு சுவிட்சைக்கூடப் பயாஸ் மெனுவில் காட்டாமல் ஒளித்துவைக்கும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியவனுக்கு அவன் வாங்கிய பொருளின் சுவிட்சைக் காட்ட என்ன தயக்கம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இந்தக் கோப்பு வட்டில் இருப்பதல்ல, கெர்னலின் நினைவில் இருப்பது. மறுபடி இயக்கினால் நீங்கள் எழுதியது போய்விடும். உங்களுக்கு வேண்டியது இயல்பு நிலை என்பதால் கவலையில்லை. காலையில் 0 வைத்தீர்கள், மாலையில் தானாக 1 ஆகியிருக்கிறது என்றால் வேறு ஏதோ மென்பொருள் உங்கள் பின்னால் நின்று மாற்றுகிறது. பெரும்பாலும் அது பேட்டரியை மிச்சப்படுத்தும் டிஎல்பி என்ற மென்பொருள். பேட்டரியில் ஓடும்போது டர்போவை நிறுத்தச் சொல்லும் வசதி அதில் உண்டு. உபுண்டுவோடு ஒரு பவர் ப்ரொஃபைல் சேவையும் வருகிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒன்று எழுதியதை இன்னொன்று அழிக்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வேகத்தை எப்படி ஏற்றி இறக்குவது என்று முடிவுசெய்யும் கவர்னர் என்ற இடத்தில் ‘பவர்சேவ்’ என்று காட்டினால் பதறாதீர்கள். இன்டெல் பிஸ்டேட்டில் அந்தப் பெயருக்குக் குறைந்த வேகத்திலேயே நிற்பது என்று பொருள் இல்லை. வேலைக்கேற்ப ஏறும், இறங்கும், டர்போவுக்கும் போகும். பழைய டிரைவரில் அதே பெயர் வேகத்தை அடிமட்டத்தில் கட்டிப்போடும். ஒரே பெயரை இரண்டு வேலைக்கு வைத்த புண்ணியவான்களை நினைத்துக்கொண்டு மேலே போவோம்.

இனி அந்த 800. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர வைத்தது இதுதான். மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் வேகம் அடியிலேயே கிடக்கிறது என்றால் கெர்னலை விட்டுவிட்டு உங்கள் சார்ஜரைப் பாருங்கள். லேப்டாப்போடு விற்றவர் கொடுத்த சார்ஜர் அந்த நிறுவனத்தின் அசல்தானா? பல நிறுவன லேப்டாப்கள் சார்ஜரிடம் ‘நீ யார், எத்தனை வாட்’ என்று கேட்கும். பிளக்கின் நடுவில் ஊசிபோல் மெல்லிய பின் ஒன்று இருந்தால், பதில் வருவது அதன் வழியாகத்தான். டூப்ளிகேட் சார்ஜராக இருந்தாலோ, அந்தப் பின் வளைந்திருந்தாலோ பதில் வராது. உடனே மதர்போர்டு பயந்துபோய், ப்ராசஸருக்கு ‘சூடாகிவிட்டாய், நிறுத்து’ என்று ஒரு பொய்ச் சமிக்ஞை கொடுக்கும். அதன் பெயர் ப்ராக்ஹாட். உண்மையில் சூடே இருக்காது, 45 டிகிரியில் குளுகுளு என்று இருக்கும், ஆனாலும் 800-ஐத் தாண்டாது. கெர்னலில் நீங்கள் எதை எழுதினாலும் எடுபடாது.

சோதிப்பது சுலபம். 800-இல் நிற்கும் நேரத்தில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டுங்கள். வேகம் துள்ளி ஏறினால் சார்ஜர்தான். ஏறாவிட்டால் செருகும் துளையையும் பேட்டரியையும் பாருங்கள். செத்துப்போன பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓட்டினாலும் சில மாடல்கள் இதே மாதிரி முடங்கும். பயாஸ் திரையில் அடாப்டர் எத்தனை வாட் என்று காட்டும் வரி இருந்தால் அங்கே ‘அன்னோன்’ என்று வந்திருக்கும். ‘சில நாள்’ என்று நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், வீட்டில் ஒன்று, வேலை செய்யும் இடத்தில் ஒன்று என்று இரண்டு சார்ஜர் வைத்திருக்கிறீர்களோ என்று தோன்றுகிறது. இருந்தால் எந்த நாளில் எதைச் செருகினீர்கள் என்று குறித்துப் பாருங்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை, கொஞ்சம் அழுத்தமாகவே. ப்ராக்ஹாட் சமிக்ஞையை ப்ராசஸர் காதில் வாங்காமல் செய்ய ஒரு வழி இருக்கிறது, ப்ராசஸருக்குள் ஒரு பிட்டை அணைத்துவிடலாம். சர்வீஸ் கடைகளில் சிலர் இதைத்தான் செய்து, ‘டர்போ அன்லாக்’ என்று பில் போடுகிறார்கள். வேகம் வந்துவிடும், நீங்களும் மகிழ்ச்சியாகப் பணம் கொடுப்பீர்கள். ஆனால் எத்தனை வாட் தாங்கும் என்றே தெரியாத ஒரு மலிவு சார்ஜரிலிருந்து முழு மின்சாரத்தையும் உறிஞ்ச ஆரம்பிக்கும் அந்த லேப்டாப். நான்கு மணி நேர ரெண்டரிங்கில் அந்தச் சார்ஜரைத் தொட்டுப் பாருங்கள். மேசைத் துணிமீதோ மெத்தைமீதோ வைத்துவிட்டுத் தூங்கப் போகிற ஆளாக நீங்கள் இருந்தால் நினைக்கவே பயமாக இருக்கிறது. கம்பைல் செய்யக் கேட்கும் 3,500 ரூபாயை அசல் சார்ஜருக்குப் போடுங்கள்.

இதே ரகத்தில் இன்னொன்று, ‘அண்டர்வோல்ட் செய்து தருகிறோம்’ என்பது. மின்னழுத்தத்தைக் குறைத்தால் சூடு குறையும் என்பது உண்மைதான். ஆனால் 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானதும் பயாஸ் அப்டேட் வழியாகப் பல லேப்டாப்களில் அந்த வசதியைப் பூட்டிவிட்டார்கள். பூட்டைத் திறக்கிறேன் என்று பழைய பயாஸை ஏற்றுவார்கள். பாதியில் மின்சாரம் போனால் கையில் இருப்பது செங்கல்.

டர்போ உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க டர்போஸ்டாட் என்ற கருவி போதும். லினக்ஸ் டூல்ஸ் தொகுப்பில் வரும், சூடோவோடு ஓட்ட வேண்டும். இன்னொரு டெர்மினலில் யெஸ் கட்டளையை ஓட்டி வெளியீட்டை டெவ் நல்லுக்குத் தள்ளுங்கள். ஒரு கோர் முழு மூச்சில் ஓடும். டர்போஸ்டாட்டில் ‘பிஸி மெகாஹெர்ட்ஸ்’ என்ற பத்தியில் அந்தக் கோருக்கு 3500, 3600 என்று வந்தால் எல்லாம் சரி. பிறகு உங்கள் எடிட்டிங் மென்பொருளில் ஒரு ரெண்டரைப் போட்டுவிட்டுப் பாருங்கள். நான்கு கோரும் ஓடும்போது 3200-ஐ ஒட்டி வரும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். 3.6 என்பது ஒரு கோருக்கான உச்சம். பில்லில் அதை மட்டும் எழுதி விற்பது பொய் இல்லைதான், ஆனால் உண்மையும் இல்லை.

சில நிமிடங்களில் அந்த 3200-உம் இறங்கினால் அதே கருவியில் வெப்பத்தையும் வாட்டையும் பாருங்கள். 45 வாட்டில் போய் நின்றால் அது ப்ராசஸரின் இயல்பான எல்லை, விட்டுவிடுங்கள். வாட் குறைவாக இருந்து வெப்பம் 100 டிகிரியை நெருங்கினால் ஃபேனில் தூசி அடைத்திருக்கிறது, தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறது. இத்தனை வருடம் ஓடிய லேப்டாப்பில் அது காயாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சர்வீஸ் கடைக்கு நீங்கள் போக வேண்டிய ஒரே காரணம் இதுதான். பக்கத்தில் நின்று செய்து வாங்குங்கள்.

உங்கள் நண்பர் விஷயம்: நீங்கள் செய்ததை அவர் அப்படியே செய்யக்கூடாது. ரைசன் இன்டெல் அல்ல, ஏஎம்டியின் ப்ராசஸர்; அதில் நோ டர்போ கோப்பு கிடையாது. சிபியு அடைவுக்குள் சிபியுஃப்ரீக், அதற்குள் ‘பூஸ்ட்’ என்ற கோப்பைத்தான் பார்க்க வேண்டும். அதில் கணக்கு தலைகீழ்: 1 என்றால் ஓடும், 0 என்றால் நிற்கும். உங்களைப் பார்த்து அவரும் 0 எழுதினால் ஓடிக்கொண்டிருந்த பூஸ்டைத் தன் கையாலேயே நிறுத்திவிடுவார். அவர் கணினியில் பழைய டிரைவர் ஓடினால் 5.17 அல்லது அதற்குப் பிந்தைய கெர்னல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், ஏஎம்டி பிஸ்டேட் என்ற புதிய டிரைவர் 2022-இல் 5.17-இல்தான் வந்தது. உபுண்டுவின் வழக்கமான அப்டேட்டிலேயே கிடைத்துவிடும், அதற்கும் யாரும் கம்பைல் செய்ய வேண்டியதில்லை.