மிலோங்கால பாதியிலேயே 'கிராசியாஸ்' சொல்லாதீங்க

கேள்வி: டாங்கோ டான்ஸ் கத்துக்கிட்டிருக்கேன். லீவுல பூனோஸ் ஐரிஸ் போனப்ப ஒரு பழைய மிலோங்காவுக்கு, அதாவது எல்லாரும் கூடி டாங்கோ ஆடுற இடத்துக்குப் போனேன். ஒரு லேடி டேபிள்கிட்ட போய் ஆடலாமான்னு கேட்டேன், முகத்தத் திருப்பிக்கிட்டாங்க. ஆட வந்த இன்னொருத்தங்ககிட்ட முதல் பாட்டு முடிஞ்சதும் மரியாதைக்கு 'கிராசியாஸ்'னு (ஸ்பானிஷ்ல நன்றி) சொன்னேன், முகம் வாடி விடுவிடுன்னு போய் உக்காந்துட்டாங்க. என்ன தப்பு பண்ணேன்? மறுபடி போகப்போறேன்.

பதில்: ரெண்டாவது விஷயம்தான் பெருசு. அங்க பாட்டுங்க தாண்டான்னு ஒரு செட்டா வரும், பெரும்பாலும் ஒரே ஆர்க்கெஸ்ட்ராவோட நாலு டாங்கோ, வால்ஸ் இல்ல மிலோங்கா (அதே பேர்ல ஒரு பாட்டு வகையும் இருக்கு) வந்தா மூணு. ஒரு தாண்டா முடிஞ்சதும் கொர்டினான்னு சம்பந்தமே இல்லாத வேற மியூசிக் கொஞ்ச நேரம் ஓடும், எல்லாரும் ஃப்ளோர விட்டு இறங்கிடுவாங்க. ஒருத்தர கூப்பிட்டா அந்த தாண்டா முழுக்க ஆடணும். நடுவுல நன்றி சொன்னா 'உங்ககூட ஆடினது போதும்'னு அர்த்தம், அவங்க நாலு பேர் பாக்க தனியா சீட்டுக்குத் திரும்பிப் போகணும், அந்த அவமானம் சாதாரணம் இல்லங்க. கடைசிப் பாட்டு முடிஞ்சப்புறம் கிராசியாஸ் சொல்லி அவங்க சீட் வரைக்கும் கொண்டுபோய் விடுங்க. நடுவுல பாராட்டணும்னா 'முய் லிந்தோ' (ரொம்ப அழகு) போதும். அடுத்த பாட்டு ஆரம்பிச்சும் ஜோடிங்க கொஞ்ச நேரம் நின்னு பேசிட்டுதான் ஆடுவாங்க, அவசரப்படாதீங்க.

இப்ப கூப்பிடுற விஷயம். பழைய மிலோங்காவுல கண்ணாலதான் கூப்பிடுவாங்க, கபெசேயோன்னு பேரு. கொர்டினா ஓடும்போதோ அடுத்த தாண்டாவோட முதல் பாட்டு ஆரம்பிச்சதுமோ உங்க சீட்ல இருந்தே அவங்களப் பாருங்க, அவங்களும் பாத்தா லேசா தலையசைங்க, பதிலுக்கு தலையசைச்சா எழுந்து போங்க, போற வழியில கண்ண எடுக்காதீங்க. நீங்க பக்கத்துல வந்தப்புறம்தான் அவங்க எழுந்திருப்பாங்க, ஏன்னா பின்னாடி டேபிள்ல இருக்கறவங்களும் தன்னத்தான் கூப்பிட்டீங்கன்னு நினைச்சிருக்கலாம். பாக்கலன்னா வேணாம்னு அர்த்தம், முறைச்சுப் பாத்துட்டே இருக்காதீங்க. நேர்ல போய் நின்னா அவங்க உங்க முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்லணும், அந்த சங்கடம் ரெண்டு பேருக்கும் வரக்கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு. என்னைக் கேட்டா இவ்வளவு நாகரிகமா மறுக்க வழி விடுற பழக்கம் ரொம்ப அபூர்வம், அத மதிக்கணும். லா விரூத்தா மாதிரி இளைஞர்கள் நிறைய வர்ற இடத்துல வாய்விட்டுக் கேட்டாலும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க, ஆனா பழைய சலோன்ல வேண்டாம்.

சீட்டையும் நீங்களா பிடிக்காதீங்க, நடத்துறவங்க காட்டுற இடத்துல உக்காருங்க. ஜோடியா உக்காந்திருக்கறவங்கள பொதுவா யாரும் கூப்பிட மாட்டாங்க, அதனால ஃப்ரெண்டோட போனா தனித்தனியா உக்காருங்க.

இன்னொன்னு, நம்மாளுங்க நிறைய பேர் குழம்புற இடம் இது. நெஞ்சோட நெஞ்சு சேத்து, கண்ண மூடி ஆடுவாங்க. அது அந்த தாண்டாவோட சரி, உங்க மேல ஆசைன்னு நினைச்சுக்காதீங்க. ஆனா ஒரே ஆளோட அடுத்தடுத்து நெறைய தாண்டா ஆடினா பாக்கறவங்க அப்படித்தான் எடுத்துப்பாங்க, அப்புறம் ஒரு காபி சாப்பிடலாமான்னு கேட்டா அது வெறும் காபி இல்ல.

ஃப்ளோர்ல கடிகாரத்துக்கு எதிர்த்திசையில போகணும், ஃப்ளோருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி, அங்க ஆடிட்டு வர்ற ஆளோட கண்ணப் பாத்து சம்மதம் வாங்கிக்கோங்க, முந்தாதீங்க, பார்ட்னருக்கு ஸ்டெப் சொல்லித்தராதீங்க.

நடுவுல போய் உக்காந்துட்ட அந்த லேடிய திரும்பப் பாத்தா டேபிளுக்குப் போய் ஸாரி கேக்க வேணாம். தூரத்துல இருந்து சிரிச்சு ஒரு தலையசைப்பு, அவங்களும் சம்மதிச்சா இந்த தடவை தாண்டா முழுக்க ஆடுங்க.